கூட்டை எடுத்தவன்

ஆரணி
12.6.2024

அருகன் துணை.

அன்பு மகன் ஸ்ரேயாஸுக்கு அப்பா அனந்தராஜ் ஆசி சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா ஜ்வாலாமாலினியும் சௌக்கியம். நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததை அம்மா போனில் கேட்டு, எனக்குக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். என் காது போன வருஷத்தைவிட மோசம். மெஷினை மாட்டினால் ஆரணிக் கடைத்தெரு முழுவதும் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வாட்ஸாப்பில் எழுத்தெல்லாம் பொடிப்பொடியாகத் தெரிகிறது. ஆகவே நீ எனக்குக் கடிதம்தான் போட வேண்டும். கையெழுத்து கோழி கிளறினாற்போல இருந்தாலும் படித்துக்கொள்கிறேன்.

வந்தவாசியிலிருந்து உன் பெரிய மாமா வந்திருந்தார். "பி.காம் முடிச்ச பையன் ஏசி ரிப்பேர் கத்துக்கப் போயிருக்கானா?" என்று என் காதருகே வந்து கத்தினார். "உங்க வீட்டு ஏசி நின்னுபோனா பி.காமையா கூப்பிடுவீங்க?" என்றேன். மனிதர் காபியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

உன்கூட ஜெயவேல் இருப்பது எனக்கு நிம்மதி. தறிக்காரர் வீட்டுப் பிள்ளையானாலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து உன் நிழலாக இருந்தவன். அவன் அம்மா லீலா நேற்று ஜரிகை வாங்க நம் கடைக்கு வந்தார். புருஷன் போனபின் ஒற்றை ஆளாகத் தறி ஓட்டிப் பிள்ளையை வளர்த்த பெண். "ரெண்டு பேரும் ஒண்ணா போயி ஒண்ணா வரட்டும்" என்று எழுதிக் காட்டிவிட்டுப் போனார்.

நம் பக்கத்துத் திருமலைச் சமணக் கோயிலில் நேமிநாதர் முன்னால் நீ எடுத்த நியமங்களை மறக்காதே. பொழுது சாய்ந்தபின் உணவு இல்லை. அறிந்து ஓர் உயிரையும் எடுப்பதில்லை. நாமே செய்தாலும், பிறரைச் செய்யச் சொன்னாலும், பிறர் செய்வதற்கு உடன்பட்டாலும் மூன்றும் ஒன்றுதான் என்று சின்ன வயதிலேயே உனக்குச் சொல்லியிருக்கிறேன்.

வயிற்றைக் காயப்போடாதே. வெயிலில் அலையாதே.

ஆசிகளுடன்,
அனந்தராஜ்


சென்னை
30.6.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஸ்ரேயாஸ் வணங்கி எழுதுவது. நான் நலம். ஜெயவேலும் நலம். உங்கள் காது எப்படி இருக்கிறது?

முதல் வாரம் செம்புக் குழாயை வளைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கேட்டால் ஒன்றுமில்லாத வேலை போலத் தெரியும். கொஞ்சம் அவசரப்பட்டால் குழாய் நசுங்கிவிடும், நசுங்கினால் கேஸ் போகாது. பிறகு பற்றவைப்பு. நான் வைத்த முதல் மூட்டில் சோப்புத் தண்ணீரை ஊற்றினால் குளத்தில் மீன் விடுவதுபோல் குமிழி குமிழியாக வந்தது. பயிற்சியாளர் தமிழ்செல்வன் சார், "இது ஏசி இல்லப்பா, சோடா கம்பெனி" என்றார். ஜெயவேல் வைத்த மூட்டில் ஒரு குமிழி இல்லை. "அறுந்த இழையைத் தேடிப் பிடிச்சி முடி போடற வீட்லேர்ந்து வந்தவன்டா, எனக்கு இதெல்லாம் வேலையா?" என்று ஒரு நாள் முழுக்க அலட்டிக்கொண்டிருந்தான்.

விடுதியில் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குத்தான். முதல் இரண்டு நாள் பிரெட்டைத் தின்று படுத்தேன். மூன்றாம் நாள் ஜெயவேல் சமையற்கட்டுக்குப் போய், அங்கே சமைக்கிற பொன்னம்மாளிடம், "எங்க நயினாருக்கு சூரியன் எறங்கினா வாய் பூட்டிக்கும்மா. பசியில பையன் காத்து வாங்கிகினு படுத்துகினு இருக்கான்" என்று சொல்லியிருக்கிறான். ஊரில் நம் சமணர்களை நயினார் என்பதை வைத்து என்னை இங்கேயும் அப்படித்தான் கூப்பிடுகிறான். அந்த அம்மா சிரித்துவிட்டார். இப்போது தினமும் வெளிச்சம் இருக்கும்போதே எனக்குத் தனியாக வடித்துக்கொடுக்கிறார். நான் கை கழுவி வருவதற்குள் ஜெயவேல் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறான். அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆறு மாதம் முடிந்தால் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இருந்தால் பயிற்சி தருகிற இதே கம்பெனியில் வேலை. அதன்பின் மாமா வீட்டு ஏசிக்கு நானே வருகிறேன்.

வணக்கத்துடன்,
ஸ்ரேயாஸ்


ஆரணி
21.7.2024

அருகன் துணை.

மகன் ஸ்ரேயாஸுக்கு ஆசிகள். நாங்கள் இருவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் இருக்கிறது, அது எப்போதும் இருப்பதுதான். உன் கடிதத்தை அவளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். பொன்னம்மாளுக்கு ஒரு சேலை எடுத்துத் தர வேண்டும் என்கிறாள். பருத்திச் சேலை.

கோயிலில் ஒருவர் கேட்டார், இந்தத் தொழிலில் உயிர்க்கொலை உண்டா என்று. உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பெட்டிக்குள் பல்லி, கரப்பான் இருக்குமாமே. நீ என்ன செய்கிறாய்? மறைக்காமல் எழுது.

தொழில் எதுவானாலும் தப்பிக்க வழி இருக்கிறது. என்னையே பார். ஆரணியில் கடை வைத்துக்கொண்டு நாற்பது வருஷமாக ஜரிகை மட்டும் விற்கிறேன். பட்டு நூலில் என் விரல் பட்டதில்லை. பட்டு என்றால் கூட்டோடு புழுவைக் கொதிக்கும் நீரில் போட்ட பாவம். ஜரிகை வாங்க வருகிறவர் பட்டும் கேட்டால் எதிர்க்கடைக்குக் கையைக் காட்டிவிடுவேன். ஊரே பட்டில் பிழைக்கிறது, நான் மட்டும் கையைச் சுத்தமாக வைத்திருக்கிறேன். மனசிருந்தால் முடியும்.

ஜெயவேலைக் கேட்டதாகச் சொல். நல்ல பையன். ஆனால் அவர்கள் வீட்டில் முட்டை, மீன் எல்லாம் உண்டு, நீ தட்டை மட்டும் பார்த்துக்கொள்.

அன்புடன் அப்பா,
அனந்தராஜ்


சென்னை
18.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்ரேயாஸ் வணக்கம். நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

வகுப்பு முடிந்து இப்போது வெளிவேலைக்கு அனுப்புகிறார்கள். இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும். எனக்கு ஜோடி ஜெயவேல்தான், வேறு யாரோடும் போகமாட்டோம் என்று தமிழ்செல்வன் சாரிடம் அடம்பிடித்து வாங்கினோம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேலை. வீட்டுக்குள் ஒரு பெட்டி, சுவருக்கு வெளியே ஒரு பெட்டி. வெளிப்பெட்டியைச் சுத்தம் செய்ய ஜன்னல் வழியாக இறங்கிச் சன்ஷேடில் நிற்க வேண்டும். அம்மா பயப்பட வேண்டாம், இடுப்பில் பெல்ட் கட்டி உள்ளே கொக்கியில் மாட்டிக்கொண்டுதான் இறங்குவோம். இரண்டு பேருக்கு ஒரு பெல்ட். அன்றைய வேலை யார் பெயரில் இருக்கிறதோ அவர் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும், மற்றவர் உள்ளே இருந்து சாமான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். பல்லியைத் துடைப்பத்தால் ஓட்டிவிடலாம். புறாதான் பேஜார். இந்த ஊரில் மனிதர்களுக்கு அடுத்தபடி புறாக்கள்தான் அதிகம். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் சுள்ளியை வைத்துக் கூடு கட்டி முட்டையிட்டுவிடுகின்றன. கூட்டை எடுக்காமல் பெட்டியை அசைக்க முடியாது. முட்டை இருக்கும் கூட்டை நான் தொடுவதில்லை. குஞ்சு பறந்தபிறகு வருகிறேன் என்று இரண்டு வீட்டில் திரும்பி வந்தேன், சார் திட்டினார். அதற்குப்பிறகு வேலை நின்றதில்லை. எப்படியோ நடந்துவிடுகிறது.

ஜெயவேல் உங்களைக் கேட்டதாகச் சொன்னான்.

வணக்கத்துடன்,
ஸ்ரேயாஸ்


ஆரணி
15.9.2024

அருகன் துணை.

ஸ்ரேயாஸுக்கு ஆசிகள். இங்கே தசலட்சண விரத நாட்கள். நான் ஒருவேளை உணவில் இருக்கிறேன், உடம்பு லேசாக, சுகமாக இருக்கிறது.

உன் கடிதத்தை ஜினாலயத்தில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டினேன். சார் திட்டியும் நீ கூட்டைத் தொடவில்லை என்ற இடத்தை நிறுத்தி இன்னொரு முறை வாசித்தேன். வெளியூர் போன பிள்ளைகள் முதலில் விடுவது நியமத்தைத்தான். நீ விடவில்லை. உன்னைப் பெற்றதற்கு எனக்குப் பெருமையாக இருக்கிறது, இதை எழுதக் கூச்சமில்லை.

எப்படியோ நடந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். நல்லபடி நடப்பவனுக்கு அப்படித்தான் வழி திறக்கும்.

மழைக்காலம் வருகிறது. சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அப்பா,
அனந்தராஜ்


சென்னை
6.10.2024

அப்பாவுக்கு வணக்கம்.

அம்மா போனில் சொல்லியிருப்பார்கள். ஜெயவேல் வியாழக்கிழமை மூன்றாவது மாடியிலிருந்து தவறி விழுந்துவிட்டான். மழை பெய்து சன்ஷேடு பாசியாக இருந்தது. கீழே வண்டி நிறுத்துமிடத்தின் தகரக் கூரையில் விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்தான். உயிர் இருக்கிறது. முதுகெலும்பில் அடி. அரசு மருத்துவமனையில் இருக்கிறான். லீலா அம்மாவும் அவன் தங்கை மதிவதனியும் வந்துவிட்டார்கள்.

என்னை மூன்று நாள் வேலைக்கு அனுப்பவில்லை. நாளை முதல் அனுப்புவார்கள்.

நான் நலம். அம்மாவிடம் அழவேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஸ்ரேயாஸ்


ஆரணி
16.10.2024

அருகன் துணை.

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. உன் கடிதம் வந்தது. நம் வீட்டில் அடுப்பு மூட்டவே மனமில்லை. ஜெயவேலுக்காகக் கோயிலில் விளக்கேற்றினோம்.

லீலா வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. தறியில் பாதி நெய்த சேலை அப்படியே நிற்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் காட்டினார். சென்னைக்கு வந்து அவனைப் பார்க்கலாம் என்றால் அம்மாவால் பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது, காது கேட்காமல் நான் தனியே வந்து என்ன செய்வேன்.

உன் கடிதத்தில் ஒன்று விளங்கவில்லை. அவன் பெல்ட் கட்டியிருந்தானா இல்லையா? நீ அப்போது எங்கே நின்றுகொண்டிருந்தாய்? இரண்டுக்கும் பதில் எழுது. ராத்திரி தூக்கம் வரவில்லை. அவன் இடத்தில் நீ இருந்திருந்தால் என்று நினைக்கிறேன், பிறகு அப்படி நினைத்ததற்கே வெட்கமாக இருக்கிறது.

இப்போது உனக்கு மாலைச் சாப்பாடு யார் கொண்டுவந்து தருகிறார்கள்?

அப்பா


ஆரணி
12.11.2024

அருகன் துணை.

ஸ்ரேயாஸ், நான் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. தீபாவளிக்கும் நீ வரவில்லை. பகவான் மகாவீரர் முக்தியடைந்த நாளில் பூசைக்கு நானும் அம்மாவும் மட்டும் போய் வந்தோம். அம்மாவிடம் போனில் நலம், நலம் என்று மட்டும் சொல்கிறாயாம். உடம்பு நலம் என்றால் கையால் எழுத என்ன கேடு?

ஜெயவேலை ஆரணிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனிமேல் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். வியாழக்கிழமைதோறும் கடையை மத்தியானமே அடைத்துவிட்டுப் போய்ப் பார்க்கிறேன். வாழைப்பழம், இளநீர் ஏதாவது கொண்டுபோகிறேன். பையன் பாதியாக இளைத்துவிட்டான். படுக்கைப் புண் வந்திருக்கிறது. போன வாரம் என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டான். மதிவதனி அதை எழுதிக் காட்டினாள்: "நயினாரு சாப்டறானா? சாயந்திரம் தட்டு யார் குட்த்துகினு இருக்காங்க?" என்று கேட்டானாம். நான் உன்னைக் கேட்ட அதே கேள்வி. தலையை மட்டும் ஆட்டினேன்.

கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அன்றைய வேலை அவன் பெயரில் இல்லையாம். யார் சொல்லியும் போகவில்லை, தானாக இறங்கினான், அதனால் நஷ்டஈடு கிடையாது என்கிறார்களாம். அப்படியானால் வேலை யார் பெயரில் இருந்தது?

லீலா ஒவ்வொரு வாரமும் "ஸ்ரேயாஸ் எப்போ வருவான்?" என்று எழுதிக் காட்டுகிறார். சீக்கிரம் என்கிறேன். என்ன சொல்லட்டும், நீயே எழுது.

அப்பா


சென்னை
25.11.2024

அப்பா,

நலம் என்று எழுத வரவில்லை. நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

வேலை என் பெயரில் இருந்தது. பெல்ட் என் இடுப்பில் இருந்தது.

ஜன்னலைத் திறந்து பார்த்தேன், கூட்டில் இரண்டு முட்டை. வழக்கம்போல நின்றுவிட்டேன். வீட்டுக்காரர், "ஜல்தி முடிங்கப்பா, ஆபீஸ் போகணும்" என்றார். ஜெயவேல், "நீ உள்ள இரு நயினாரே, நான் எடுத்துகினு வந்துடறேன், அப்புறம் நீ எறங்கு" என்றான். ஆகஸ்டிலிருந்து எல்லாக் கூட்டையும் அவன்தான் எடுத்தான் அப்பா. ஒன்றுகூட நான் எடுக்கவில்லை. எப்படியோ நடந்துவிடுகிறது என்று உங்களுக்கு எழுதினேனே, இப்படித்தான் நடந்தது. அதை நீங்கள் கோயிலில் வாசித்தீர்கள்.

பெல்ட்டை அவிழ்த்துக் கொடுக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. கொடுக்கவில்லை. அவன் கேட்கவும் இல்லை. அவன் கூட்டை எடுக்கும்போது நான் எப்போதும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பார்க்காவிட்டால் உடன்பட்டதாக ஆகாது என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன். அன்றும் அப்படித்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தகரச் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

செய்தாலும், செய்யச் சொன்னாலும், உடன்பட்டாலும் ஒன்றுதான் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் இருக்கிறது. நீங்கள் பட்டைத் தொடாமல் எதிர்க்கடைக்குக் கையைக் காட்டுகிறீர்கள். நான் முட்டையைத் தொடாமல் ஜெயவேலைக் காட்டினேன். உங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

விழுந்த அன்றைக்கே கம்பெனியின் சேஃப்டி அதிகாரி ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். நான் குளியலறையில் சாமான் கழுவப் போயிருந்தேன், ஜெயவேல் என்னிடம் சொல்லாமல் இறங்கினான் என்று. கையெழுத்துப் போட்டுவிட்டேன். போடாவிட்டால் சான்றிதழ் கிடைக்காது, போலீஸ் கேஸ் என் மேல் வரும் என்றார். தமிழ்செல்வன் சார் பக்கத்தில்தான் நின்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது உண்மையைச் சொன்னால் லீலா அம்மாவுக்கு நஷ்டஈடு கிடைக்கும். நான் சொல்லட்டுமா? நீங்கள் சொல் என்று ஒரு வார்த்தை எழுதினால் அன்றே கிளம்பி வருகிறேன். எனக்குத் தனியாகத் தைரியம் இல்லை.

சாயந்திரத் தட்டை யாரும் கொண்டுவருவதில்லை. நானும் கேட்பதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

ஸ்ரேயாஸ்


ஆரணி
10.12.2024

அருகன் துணை.

மகன் ஸ்ரேயாஸுக்கு. அம்மா நலம். நான் இருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அம்மாவிடம் காட்டவில்லை. இந்தப் பதிலை நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

என்னைப் பற்றி எழுதியது சரிதான். உன் கடிதம் வந்த அன்றைக்கு ஒருத்தர் கடைக்கு வந்து பட்டுக் கேட்டார். எதிர்க்கடைப் பக்கம் கை எழவில்லை. இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அதனால் எந்தப் புழு பிழைத்தது, சொல். காலம் கடந்துவிட்டது. இந்த வயதில் கடையை மூடிவிட்டு நான் எங்கே போவேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். வரவேண்டாம். இந்த மாசக் கடைசியில் சான்றிதழ் கைக்கு வருகிறது. அது வரட்டும். வேலையில் உட்கார். அதன்பிறகு நாம் லீலாவுக்கு நம்மால் ஆனதைச் செய்வோம், ஒரு நாளும் கைவிடமாட்டோம். எழுதிக்கொடுத்தது எழுதிக்கொடுத்ததாகவே இருக்கட்டும். ஒரு பிள்ளை படுக்கையில் கிடக்கிறான், இன்னொரு பிள்ளையும் ஜெயிலுக்குப் போனால் யாருக்கு லாபம்? நீ எனக்கு ஒரே மகன். நியமம் பேசிய வாயால் இதைச் சொல்கிறேன், எனக்கே கேவலமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமையும் போனேன். காது கேட்காதவனுக்கு ஒரு சௌகரியம், எதிரில் இருப்பவர் பேசினாலும் பேசாமல் இருந்தாலும் ஒரே மாதிரி தலையாட்டலாம். லீலா ஒரு சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்தார். முக்கியமாக ஒன்றும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. எந்த வேளையானாலும் சரி.

அப்பா


ஆரணி
22.1.2025

ஸ்ரேயாஸுக்கு.

உன் கடிதமும் சான்றிதழின் நகலும் வந்தன. அம்மா அதை சாமி அலமாரியில் வைத்தாள். நான் எடுத்து பீரோவுக்குள் வைத்துவிட்டேன்.

ஜெயவேல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போய்விட்டான். புண்ணில் சீழ் வைத்து ரத்தத்தில் கலந்துவிட்டதாம். அம்மா உனக்குப் போன் செய்து சொல்கிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். சொல்லியிருந்தால் நீ ஓடி வந்திருப்பாய். வந்து லீலாவின் முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாய். அதற்குப் பயந்தேன். என்னைத் திட்டு.

சுடுகாடுவரை போனேன். லீலா என்னிடம் ஒன்றும் எழுதிக் காட்டவில்லை. நான் கொண்டுபோன மாலையை வாங்கி மதிவதனியிடம் கொடுத்தார், அவ்வளவுதான். நேற்று வியாழக்கிழமை இல்லை, ஆனாலும் பழத்தை வாங்கிக்கொண்டு அந்தத் தெரு முனைவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். பழத்தைக் கோயில் மாட்டுக்குக் கொடுத்தேன்.

வேலையில் எப்போது சேர்கிறாய் என்று எழுது.

அப்பா


ஆரணி
9.2.2025

தம்பி ஸ்ரேயாஸுக்கு ஜெயவேல் அம்மா லீலா எழுதுவது. நீ நல்லாயிருக்கிறாயா? இங்கே நானும் மதிவதனியும் இருக்கிறோம். எட்டாவதுவரை படித்தவள், தப்பிருந்தால் பொறுத்துக்கொள். உன் விலாசத்தை உன் அம்மாவிடம் வாங்கினேன். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது, அதனால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

நீ எழுதிக்கொடுத்த தாளை லேபர் ஆபீசில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். குளியலறையில் இருந்தாய் என்று எழுதியிருந்தது. நீ எங்கே நின்றாய், பெல்ட் யார் இடுப்பில் இருந்தது என்று ஜெயவேல் மருத்துவமனையிலேயே சொல்லிவிட்டான். அதற்கு முன்பே தெரியும். ஆகஸ்ட் மாசத்திலிருந்து போனில் சிரித்துச் சிரித்துச் சொல்வான். "நயினாருக்குக் கையே வராதும்மா, மொத்தக் கூட்டையும் நான்தான் எடுத்துகினு இருக்கேன்" என்பான். பத்திரம்டா என்பேன். அவ்வளவுதான்.

உன்மேல் கோபப்படக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். நானும் கோபப்படவில்லை. டிசம்பரில் விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள். "தம்பி வந்து நடந்ததைச் சொன்னால் போதும், அவன் பேரில் கேஸ் கொடுக்கமாட்டேன்" என்று சீட்டில் எழுதி உன் அப்பாவிடம் கொடுத்தேன். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் வாழைப்பழத்தோடு வந்து உட்கார்ந்தார். அவருக்குக் காதுதான் கேட்காது, கண் நன்றாகத் தெரியும்.

நஷ்டஈடு போகட்டும். தறி இருக்கிறது, எங்களுக்குச் சோறு போடும். அவன் காத்துக்கொண்டிருந்தான் தம்பி, அதுதான் தாங்கவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால், "நயினாரா பாரும்மா" என்பான். போய்ப் பார்த்துவிட்டு வந்து இல்லைடா என்பேன். மார்கழியில் அதைக் கேட்பதையும் விட்டுவிட்டான்.

இன்னொன்றும் இருக்கிறது. உன்னிடம் சொல்லவேண்டாம் என்றுதான் சொன்னான். நான் பெற்றவள், என்னால் முடியவில்லை.

மற்றவர்கள் மாதிரி அவன் கூட்டைத் தூக்கிக் கீழே போடுவதில்லையாம். முட்டையை எடுத்துப் பக்கத்துச் சன்ஷேடில் கொண்டுபோய் வைப்பானாம், ஒவ்வொரு முறையும். அன்றைக்கும் இரண்டு முட்டையும் ஒரு கையில் இருந்திருக்கிறது. பாசியில் கால் வழுக்கினபோது கை எட்டுகிற தூரத்தில் ஜன்னல் கம்பி இருந்ததாம். "முட்டையை விட்டுட்டு கம்பியப் புடிக்க வேண்டியதுதானேடா பாவி" என்று கேட்டேன். அவன் சொன்னான், "உள்ள அவன் முதுக காட்டிகினு நின்னுகினு இருந்தாம்மா. உடையற சத்தம் கேட்டா அன்னிக்கு சோறு துன்னமாட்டான்."

இதைத் தெரிந்துகொண்டு நீ என்ன செய்வாயோ எனக்குத் தெரியாது. நான் ஒருத்தியே வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

உன் அப்பாவை இனி வரவேண்டாம் என்று எழுதிவிடு. நீயும் வரவேண்டாம். அவன் இருக்கும்போது வந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
லீலா